கடைக் கம்ப்யூட்டரின் கடிகாரம்

தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போட்டு வைத்துக்கொள்கிறோம். கல்லாவை இரவில் இருமுறை எண்ணுகிறோம். ஆனால் பில் போடும் கம்ப்யூட்டரின் வலது கீழ் மூலையில் ஓடும் மணியையும் தேதியையும் எத்தனை பேர் பார்க்கிறோம்? நாமும் பார்த்ததில்லை. பார்க்காமல் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிட்டுச் செய்முறைக்கு வருகிறோம்.

நமது மண்டியில் ஒரு நாள் காலை முதல் மின்தடை. யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் கணக்கு எழுதும் தம்பி அதைப் போட்டார். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்து, எஃப்1 பொத்தானை அமுக்கச் சொன்னது. அமுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இரவு அன்றைய விற்பனைக் கணக்கு எடுத்தால், பில் தொகைக்கு மேல் கல்லாவில் 38,000 ரூபாய் அதிகம். பணம் குறைந்தால் ஒரு சந்தேகம், கூடினால் வேறு சந்தேகம். பில் போடாமல் சரக்குக் கொடுத்தாயா என்று ஆட்கள் முன்னிலையில் கேட்டுவிட்டோம். ஆறு வருடமாக நம்மிடம் இருப்பவர். பதில் பேசாமல் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை லாரிக்கு இ-வே பில் எடுக்க உட்கார்ந்தால் அந்தத் தளமே திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வந்தது. எதிர்க்கடைப் பையன் வந்து பார்த்து, "அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர்ல 2012-ஆம் வருசம்ல நடக்குது" என்றான். முதல் நாள் மூன்று மணிக்குப் பின் போட்ட பில்கள் எல்லாம் 2012 ஜனவரி 1-ந் தேதியில் போய் உட்கார்ந்திருந்தன. கூட்டினால் 38,000 சரியாக இருந்தது. தம்பி வீட்டுக்கு நாமே போய் அழைத்து வந்தோம். வந்தார். ஆனால் கல்லாவை மட்டும் இன்றுவரை அவர் எண்ணுவதில்லை. "நீங்களே எண்ணிக்கிடுங்க" என்கிறார்.

காரணம் இதுதான். கம்ப்யூட்டரின் உள்ளே மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கிறது. பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற எண்; 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். தீர்ந்தபின் கரண்ட் முழுவதும் நின்றால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். பேட்டரிக்கு ஆகும் செலவு சொற்பம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே மாற்ற வேண்டும்.

பேட்டரி மாற்றியபின் மணியைச் சரிசெய்யும் முறை: மூலையில் உள்ள மணியின்மேல் மவுஸை வைத்து வலது பொத்தானை அமுக்கினால் 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' என்று வரும். அதற்குள் போய் முதலில் 'டைம் ஸோன்' பார்க்கவும். 'யு.டி.சி. +05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி' என்று இருக்க வேண்டும். (நம் சென்னைக்கென்று தனி நேரமே ஒரு காலத்தில் இருந்தது. 1906-ல் இந்திய நேரம் வருமுன் நாட்டின் ரயில்கள் மெட்ராஸ் நேரப்படிதான் ஓடின. இப்போதைய நேரத்துக்கு அது சுமார் 9 நிமிடம் பின்னால்.) பிறகு 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' என்பதை ஆன் செய்து 'சிங்க் நவ்' என்பதை அமுக்கினால், இன்டர்நெட் வழியாகச் சரியான நேரத்தை அது எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணக் கடைக் கம்ப்யூட்டரில் நேரம் 15 மணிக்கு மேல் தள்ளியிருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ள மறுக்கும். நமது மண்டியில் நடந்ததும் அதுவே. ஆகவே தானியங்கியை ஆஃப் செய்து, தேதியையும் மணியையும் முதலில் கையால் போட்டு, அதன்பின் ஆன் செய்யவும்.

தேதி எழுதும் முறையையும் பார்த்துவிடுங்கள். 'ரீஜியன்' என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருந்தால் மாதம் முன்னால் வரும். ஏப்ரல் 5 என்பதை 4/5 என்று காட்டும். நாம் அதை மே 4 என்று படிப்போம். இந்தியா என்று மாற்றிவிட்டால் நாள் முன்னால் வரும். பில்லில் ஒரு தேதியும் இ-வே பில்லில் வேறு தேதியும் இருந்தால், வழியில் சோதிக்கும் அதிகாரியிடம் டிரைவர்தான் நிற்க வேண்டும். இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். நின்றால் நாள் போய்விடும்.

பாமாயில் வியாபாரம் செய்வோருக்கு ஒரு வசதி. 'அடிஷனல் கிளாக்ஸ்' என்ற இடத்தில் இன்னும் இரண்டு கடிகாரங்கள் சேர்த்துக்கொள்ளலாம். கோலாலம்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே காலை 10.30 என்றால் இங்கே 8 மணி. மூலையில் உள்ள மணியின்மேல் மவுஸை வைத்தால் அந்த ஊர் மணியும் தெரியும்.

விண்டோஸிலேயே 'கிளாக்' என்றொரு புரோகிராமும் இருக்கிறது. தினமும் இரவு 8.30-க்குக் கணக்கைப் பென்டிரைவில் காப்பி எடுக்க அதில் அலாரம் வைத்திருக்கிறோம். கிழமை வாரியாக வைக்கலாமே தவிர மாதத் தேதிக்கு வைக்க முடியாது. ஆகவே மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறவர்கள் 11, 20 தேதிகளை அதை நம்பி விடாதீர்கள். அவற்றைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கம்ப்யூட்டர் தூங்கிப்போயிருந்தாலும் அலாரம் அடிக்காமல் போகலாம்.

அழகான முள் கடிகாரம் வேண்டுமென்று இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் இறக்க வேண்டாம். விண்டோஸ் 7-ல் திரையோரம் கேட்ஜெட் என்று சிறு கடிகாரம் வந்ததே, அதையே பாதுகாப்புக் குறை உள்ளதென்று 2012-ல் மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அலங்காரம் எதற்கு? சுவரில்தான் ஒன்று தொங்குகிறதே.

இப்போது நமது மண்டியில் காலையில் முதல் பில் போடுமுன் தம்பி தேதியையும் மணியையும் செல்போனோடு ஒத்துப் பார்த்து, நாள்குறிப்பில் கையெழுத்திடுகிறார். கீழே நாமும் ஒரு கையெழுத்துப் போடுகிறோம்.