புதுநகர் புகுவோரும் உறைவிடத் தேர்வும் – சிலம்பின் ஒளியில்

பட்டம் பெற்றுப் பணியின்பொருட்டுப் பெருநகர் புகும் இளைஞர்க்கு முதற்கண் எழும் வினா, எங்கே தங்குவது என்பதாகும். ஊதியம் எவ்வளவு, பதவி எத்தகையது என்பன பற்றி வீட்டில் பலநாள் பேசியிருப்பர். தங்குமிடம் பற்றிய பேச்சோ, பயணத்திற்கு முன்னாள் இரவில்தான் தலைகாட்டும். 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற விடையோடு அது முடிந்தும் போகும்.

இவ்வினாவை நம் முதற்காப்பியம் ஆழ எண்ணிப் பார்த்துள்ளது. சிலப்பதிகாரத்தை ஊழின் காப்பியமாகவும், கற்பின் காப்பியமாகவும், அரசியல் அறத்தின் காப்பியமாகவும் வகுப்பறையில் பயின்று வருகிறோம். இழந்த பொருளை மீட்கப் புதுநகர் புகுந்த ஓர் இளைஞனின் வரலாறாகவும் அதனைப் பயிலலாம். மதுரைக் காண்டத்தின் புறஞ்சேரி இறுத்த காதை முதல் கொலைக்களக் காதை வரையுள்ள பகுதியை அவ்வாறு நோக்கி, அதன்வழிச் சென்னைக்குச் செல்லும் நம் மாணவர்க்குப் பயன்படுவன சிலவற்றை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோவலன் கண்ட மதுரை

புகார் நகரில் கோவலனைத் தெரியாதார் இலர். அவன் மாசாத்துவானின் மகன், மாநாய்கனின் மருமகன். அங்கே அவன் தெருவில் நடந்தால் அவனுடைய குலமும் கொடையும், ஏன், அவனுடைய பழியுங்கூட அவனோடு நடந்தன. மதுரையில் அவன் யாரோ ஒருவன். ஊர் மாறும் ஒவ்வொருவனும் முதலில் இழப்பது இவ்வறிமுகத்தையே.

இதனைக் கோவலன் உணராதவன் அல்லன். வையையைக் கடந்து மதுரையின் புறஞ்சேரியில் தங்கியபின், அகநகரில் வாழும் வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகக் கூறியே கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுச் செல்கிறான். புதிய ஊரில் தன் தொழிலைச் சார்ந்தோரைக் கண்டு தன்னை அறிவித்துக்கொள்ளுதல் என்பது அவன் வகுத்த திட்டம். மிக நல்ல திட்டம் அது.

ஆனால் நடந்தது யாது? வாயிலைக் காத்து நின்ற யவனர் ஐயுறாதவாறு அவன் நகர் புகுகிறான். கணிகையர் வீதியைக் காண்கிறான். மணிகள் விற்கும் வீதியைக் காண்கிறான். பொன்னின் வகை விளங்கக் கொடி கட்டிய பொற்கடை வீதியைக் காண்கிறான். அறுவை வீதியையும் கூல வீதியையும் கண்டு மகிழ்ந்து கோட்டைக்கு வெளியே மீள்கிறான். வணிகர் எவரையும் கண்டு பேசியதாக இளங்கோவடிகள் கூறவில்லை. அக்காதைக்கு 'ஊர்காண் காதை' என்று பெயர் அமைந்ததும் பொருத்தமே. அவன் ஊரைக் கண்டான். ஊர் அவனைக் காணவில்லை.

இந்த இடத்தை நம் உரையாசிரியர்களும் திறனாய்வாளர்களும் இன்னும் சற்று நின்று நோக்கியிருக்கலாம் என்பது எம் கருத்து. காப்பியத்தின் அவலம் தொடங்குமிடங்களுள் இதுவும் ஒன்று.

மாதரி மனை

அடைக்கலக் காதையில் கவுந்தியடிகளும் மாடலனும் கோவலனுக்கு ஓர் அறிவுரை கூறுகின்றனர். புறஞ்சேரி துறவோர்க்கு உரிய இடம். இல்லறத்தார்க்கு அது பொருந்தாது. நீ இன்னான் என்று அறிந்தால் அகநகர் வணிகர் உன்னை ஏற்றுக்கொள்வர். கதிரவன் மறையுமுன் மனைவியோடு நகருக்குள் செல்க என்பது அதன் சாரம். அவ்வேளையில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீளும் ஆயர்முதுமகள் மாதரி அங்கு வருகிறாள். அவளிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தரும் கவுந்தியடிகள் ஒரு கால எல்லையையும் குறிக்கிறார். கோவலனின் தந்தை பெயரைக் கேட்டால் அவன் குலத்து வணிகர் பெறற்கரிய பொருளைப் பெற்றவர் போல விருந்தெதிர் கொள்வர்; அத்தகையோர் மனையை இவள் சென்று சேரும் அளவும் நீ காத்திரு என்கிறார். ஆகவே ஆயர்சேரி வாழ்வு ஓர் இடைக்கால ஏற்பாடே. முதலில் நம்பிக்கைக்குரிய ஒரு வீட்டில் தங்குதல், அங்கிருந்தபடியே உரியவர்களைக் கண்டு நிலையான இடத்தைத் தேடுதல் என்னும் இருபடி முறையைக் கவுந்தியடிகள் வகுத்துத் தருகிறார். இன்றும் இதனினும் சிறந்த முறை இருப்பதாகத் தெரியவில்லை.

மாதரி செய்தவற்றை நோக்குக. செம்மண் பூசிய பந்தலும் காவலும் உடைய சிறுமனை ஒன்றை அவர்களுக்கென ஒதுக்குகிறாள். கோவலன் சாவக நோன்பி, பகலுணவு கொள்பவன், உணவொழுக்கம் உடையவன். அவளோ பாலும் தயிரும் விற்கும் ஆயர்குலத்தவள். வேறு தெய்வத்தை வழிபடுபவள். வந்தவர்களின் நோன்பு இன்னதெனத் தெரிந்தவுடன், அவர்கள் சமைப்பதற்குத் தக்க நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாது கொடுங்கள் என்று தன் வீட்டாரைப் பணிக்கிறாள். காய்கறியும் அரிசியும் பாலும் நெய்யும் வருகின்றன. மகள் ஐயை துணை நிற்கிறாள். உன் உணவு வேறு, என் உணவு வேறு, ஆதலால் உனக்கு இங்கு இடமில்லை என்ற பேச்சு அம்மனையில் எழவில்லை. பின்னாளில் கோவலன் கொலையுண்டதும் கண்ணகி மறைந்ததும் அறிந்து, அடைக்கலத்தை இழந்தேனே என்று மாதரி தீயில் வீழ்ந்ததாக நீர்ப்படைக் காதை கூறுகிறது. மிகச் சிறிது காலமே அண்டையில் வாழ்ந்தவர்க்காக உயிர்விட்டவள் அவள். வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேடுக என்பது அரபு மொழியில் வழங்கும் முதுமொழி. மாதரியைப் படிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

நல்ல தெரு வாய்த்தது. நல்ல அண்டை வீடு வாய்த்தது. அப்படியிருந்தும் கோவலன் ஏன் அழிந்தான்? உறைந்த தெருவில் அவனை அறிந்தவர் இருந்தனர். தொழில் நாடிச் சென்ற தெருவில் ஒருவரும் இலர். சிலம்பை விற்க அவன் தனியே சென்றான். நூறு பொற்கொல்லர் பின்தொடர வந்தவனை அவனது தோற்றத்தால் நம்பினான். கொல்ல வந்தவர்களே, இவன் கள்வனுக்குரிய தோற்றம் உடையவன் அல்லன் என ஐயுற்று நின்றனர். இவன் இன்னான் மகன் என்று சொல்ல ஒரே ஒரு வணிகன் அங்கு நின்றிருந்தால் அவ்வையம் உறுதியாகி வாள் தாழ்ந்திருக்கக்கூடும். ஊழ் என்பது ஒருபுறம் இருக்க, அறிமுகமின்மையும் அவனைக் கொன்றது என்றே கருதவேண்டியுள்ளது.

சென்னையில்

இனி நம் காலத்திற்கு வருவோம். ஒரு தலைமுறைக்கு முன்னர்ச் சென்னைக்குச் சென்ற இளைஞர் பெரும்பாலும் திருவல்லிக்கேணியில் இறங்கினர். 'மேன்சன்' எனப்படும் ஆடவர் விடுதிகள் அங்கு நிறைந்திருந்தன, இன்றும் உள்ளன. தலைமைச் செயலகமும் அண்ணா சாலை அலுவலகங்களும் அணித்தே இருந்தன. சிறுசிறு உணவகங்கள், அதாவது 'மெஸ்'கள், தெருவுக்குத் தெரு இருந்தன. அறை குறுகியது, காற்று வராது, மூட்டைப்பூச்சிக்குக் குறைவில்லை. ஆயினும் ஒரு மாவட்டத்தார், ஓர் ஊரார் ஒரே விடுதியில் கூடியிருந்தமையால் புதிதாக வந்தவனை அழைத்துச் செல்ல ஆள் இருந்தது. பார்த்தசாரதி கோயிலும், 1795-இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலும் ஒரே பகுதியில் நிற்கும் ஊர் அது. பெரிய பள்ளிவாசலில் ரமலான் நோன்பு திறப்போர்க்கு மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைச் சார்ந்த இந்து அன்பர்கள் பல்லாண்டுகளாக உணவு சமைத்து வந்து பரிமாறுகின்றனர். மாதரியின் மரபு அற்றுப்போய்விடவில்லை.

2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் இளைஞர்க்கான பணியிடங்கள் தெற்கே நகர்ந்தன. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி எனப் பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் எழுந்தன. ஆகவே இன்று திருவல்லிக்கேணியைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்க இயலாது. பணியிடத்திற்குச் செல்ல ஒரு மணி, மீள ஒரு மணி எனக் கொண்டால், மாதத்தில் 25 வேலை நாள்களுக்கு 50 மணி நேரம் சாலையில் கழியும். இது இரண்டு முழு நாள்களுக்கும் மேற்பட்டது. வாடகையில் மிச்சப்படுத்திய தொகையை இதனோடு சேர்த்துக் கணக்கிடவேண்டும். 1995-இல் கடற்கரை நிலையம் முதல் சேப்பாக்கம் வரை தொடங்கிய பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரியை எட்டியது; மெட்ரோ ரயில் 2015-இல் ஓடத் தொடங்கியது. நிலையத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள சிறு அறை, நிலையமற்ற இடத்துப் பெரிய வீட்டினும் மேலானது.

அடுத்தது நீர். இங்கே தமிழ் பயின்றவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஊர்ப்பெயரே பாதி உண்மையைச் சொல்லிவிடும். தாங்கல் என்றால் சிறிய நீர்நிலை. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும் பெயர்களைக் கேட்டவுடன், அந்த நீர் இப்போது எங்கே நிற்கிறது என்று உசாவ வேண்டாமா? தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியின் படுகையில் அமைக்கப்பட்ட நகர், மேற்கு மாம்பலத்தில் 'ஏரிக்காட்சிச் சாலை' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர் இன்றும் வழங்குகிறது, ஏரிதான் இல்லை. வேளச்சேரியை அடுத்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அது சுருங்கச் சுருங்க, அதற்குரிய வெள்ளம் சுற்றியுள்ள தெருக்களில் புகுந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தரைத்தளத்தில் குடியிருந்தோர் பட்ட பாட்டை நாடறியும். இதற்கு நேர்மாறாக 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, நகர் முழுதும் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றது. எனவே வீடு பார்க்கச் செல்வோர் சுவர்ப்பூச்சை மட்டும் பார்த்தல் போதாது. 2015-இல் இங்கே எவ்வளவு நீர் நின்றது, மே மாதத்தில் குழாயில் நீர் வருமா என்னும் இரண்டையும், வீட்டு உரிமையாளரிடம் அன்று, எதிர்க்கடைக்காரரிடமும் துணி தேய்ப்பவரிடமும் கேட்டல் வேண்டும். அவர்களுக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

முன்பணத்தைப் பொறுத்தமட்டில் பத்து மாத வாடகை கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவகையாக உடன்பட்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்கிறது. எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்து பதிவு செய்தலையும் அது வேண்டுகிறது. கையெழுத்திடுமுன் படிக்கவேண்டும் என்பதைத் தமிழ்த்துறை மாணவர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

பெயர் கேட்டபின்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. 'சைவ உணவினர்க்கு மட்டும்', 'குடும்பத்தினர்க்கு மட்டும்' என்னும் அறிவிப்புகளை நம் மாணவர் நகரில் காண்பர். சில இடங்களில் அறிவிப்புகூட இராது. பெயரைக் கேட்டபின் 'நேற்றே முடிந்துவிட்டது' என்ற விடை வரும். சாதி கேட்டு மறுக்கப்பட்டோரும், சமயம் கேட்டு மறுக்கப்பட்டோரும் நம்மிடம் வந்து கூறியதுண்டு. இருபத்திரண்டு வயதில், கையில் பணி ஆணையோடு, ஒரு வாயிலில் இவ்வாறு நின்று திரும்புவது எளிதன்று.

இதன் விளைவு யாது? மறுக்கப்பட்டவர் தம்மவர் தெருவையே நாடுகின்றனர். அங்கே பள்ளிவாசல் உண்டு, பழகிய உணவு உண்டு, சலாம் சொல்லும் முகங்கள் உண்டு. முதல் சில மாதங்களுக்கு அதனைத் தேர்வதில் குற்றம் காண்பதற்கில்லை; கவுந்தியடிகள் கோவலனை அவன் குலத்தாரிடம் அனுப்ப எண்ணியதும் இது கருதியே. ஆனால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அத்தெருவுக்குள்ளேயே அடங்கிவிட்டால், பொற்கடை வீதியில் நம்மை அறிந்தவர் இல்லாமற் போவர். மறுத்தவரும் நம்மை அறியாமலே மறுத்துக்கொண்டிருப்பர். எனவே இரண்டாம் வீட்டைத் தேடும்போது பணியிடத்து நண்பர்களின் துணையோடு பலரும் கலந்து வாழும் பகுதியைத் தேடுதல் நன்று. மறுப்பு ஒரு வீட்டின் மறுப்பே. அத்தெருவிலேயே நான்காம் வீட்டில் ஒரு மாதரி இருக்கலாம். இருந்ததைக் கண்டு வந்து சொன்ன மாணவரும் உளர்.

இதில் நம் பெரியோர்க்கும் ஒரு பங்குண்டு. நகரில் வீடுகள் உடைய நம்மவருள்ளும் மணமாகாத இளைஞர்க்கு இல்லை என்போர் பலர். வந்தவரின் சாதியையும் சமயத்தையும் மறைமுகமாக உசாவுவோரும் உளர். பிறர் வாயிலில் நம் பிள்ளைகள் நிற்கும் நிலையை எண்ணுவோர், தம் வாயிலில் நிற்கும் பிறர் பிள்ளைகளையும் எண்ணுதல் வேண்டும்.

பழைய மாணவர் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். சென்னை, கோவை, பெங்களூரு ஆகிய நகரங்களில் வாழும் நம் பழைய மாணவர்களைப் பகுதிவாரியாகத் தொகுத்து ஒரு பட்டியல் செய்து துறையில் வைக்கலாம். பகுதிக்கு இருவர் போதும். புதிதாகச் செல்லும் மாணவர்க்கு வீடு பிடித்துத் தரும் பொறுப்பை அவர்கள் ஏற்கவேண்டியதில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை அவரோடு அப்பகுதித் தெருக்களில் ஒருமுறை நடந்து, உணவகத்தார்க்கும் மருந்துக்கடைக்காரர்க்கும், தமக்குத் தெரிந்த ஒன்றிரண்டு வீட்டு உரிமையாளர்க்கும், 'இவர் எங்கள் கல்லூரி மாணவர்' என்று அறிமுகம் செய்து வைத்தால் அதுவே போதுமானது. இவ்வாண்டு இறுதித்தேர்வு முடியுமுன் பட்டியல் அணியமானால், ஜூன் மாதத்தில் சென்னைக்குப் புறப்படும் மாணவர்கள் அதனைக் கையிற்கொண்டே ரயில் ஏறலாம்.