உற்றறிவும் மொழிப்பேறும்

மொழி செவியின் வழியே புகுகிறது என்பது நம்முள் வேரூன்றிய எண்ணம். 'கேள்வி' என்னும் சொல் கேட்டலையும் கல்வியையும் ஒருங்கே குறிக்கிறது. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். கேள்வி வாயாதவர்க்கு எழுத்து உண்டு. எழுத்தைக் காண இயலாதவர்க்குக் கேள்வி உண்டு. இவ்விரண்டும் அற்றவர்க்கு மொழி எவ்வழி வரும்? பார்வையையும் கேள்வியையும் ஒருங்கே இழந்தோரை 'இருபுலன் இழந்தோர்' என இக்கட்டுரையில் சுட்டுவோம். அவர்கள் மொழி கற்கும் முறையை அறிவது இரக்கத்தின்பாற்பட்டது மட்டுமன்று. மொழி என்பது யாது என்று அறிய விழையும் தமிழ் மாணவர்க்கு அதுவே ஒரு பாடமாகும்.

புலன்களின் வரிசை

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் பகுக்குமிடத்து உற்றறிதலையே முதலில் வைக்கிறார். அதன்பின் நா, மூக்கு, கண், செவி என்று ஏறி, ஆறாவதாக மனத்தில் முடிக்கிறார். இவ்வரிசையில் நான்காவதும் ஐந்தாவதுமே இருபுலன் இழந்தோரிடம் இல்லாதவை. முதற்படியும் முடிந்த படியும் அவர்களிடம் உள்ளன. தொடுதலிலிருந்து மனத்திற்கு நேரே ஒரு பாலம் இட இயலுமா என்பதே வினா.

எழுத்தும் தொடுதற்குரியதே. நம் செஞ்சி வட்டாரத்துத் தொண்டூர்க் குன்றில், சமணர் படுக்கைகளோடு வெட்டப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு ஏறத்தாழக் கி.பி. 3-ஆம் நூற்றாண்டினது. அத்தகைய கல்லெழுத்துத் தேய்ந்து கண் ஐயுறும் இடத்தில், விரல் வெட்டின் போக்கை அறியும். கல்வெட்டுப் பயில்வோர் இதனை நன்கறிவர்.

கைவழி வந்த மொழி

அமெரிக்க நாட்டில் 1880-இல் பிறந்த ஹெலன் கெல்லர், பத்தொன்பதாம் மாதத்தில் நோயுற்று இருபுலனும் இழந்தார். 1887 மார்ச் 3-ஆம் நாள் ஆன் சல்லிவன் என்னும் இருபது வயது ஆசிரியை அவ்வீட்டிற்கு வந்தார். பொம்மையைக் கையில் கொடுத்து, அதன் பெயரை உள்ளங்கையில் விரலெழுத்தால் எழுதினார். சிறுமி அவ்விரலசைவைத் திருப்பிச் செய்தாளேயன்றி, அது ஒரு பொருளின் பெயர் என உணரவில்லை. ஒரு மாதம் இவ்வாறே சென்றது. ஏப்ரல் 5-ஆம் நாள் குழாயடியில் ஒரு கை நீரில் நனைய, மறு கையில் 'நீர்' என்னும் சொல்லை ஆசிரியை எழுதியபோது, பொருளுக்குப் பெயர் உண்டு என்பது அவளுக்குப் புலனாயிற்று. சில மணி நேரத்தில் முப்பது சொற்கள் அறிந்தாள்.

இந்நிகழ்ச்சியைப் பாடநூல்களும் மேடைகளும் ஓர் அற்புதமாகவே கூறிவருகின்றன. நாம் பெரிதாக மதிப்பது அதற்குப் பின் நிகழ்ந்ததை. ஆன் சல்லிவன் அவ்வீட்டு உறவினரின் பதினைந்து மாதக் குழந்தையைக் கூர்ந்து நோக்கினார். அக்குழந்தை பேசத் தொடங்குமுன்பே, பிறர் கூறுவதைப் புரிந்துகொண்டது. அதற்கு யாரும் சொற்பட்டியல் கற்பிக்கவில்லை. வீட்டார் அதனோடு முழுத்தொடர்களில் பேசிக்கொண்டிருந்தனர். அவ்வாறே ஹெலனின் கையிலும் இனி முழுத்தொடர்களில் பேசுவது என அவர் முடிவு செய்தார். விளையாட்டு, உணவு, கோபம், கேலி அனைத்தும் உள்ளங்கையில் இடையறாது பேச்சாயின. நம் தாய்மார் மடியிலிட்ட குழந்தையோடு, மறுமொழியை எதிர்பாராது பேசும் பேச்சு இத்தகையதன்றோ? ஒரு சொல் பொருளைக் காட்டும். தொடர்களின் இடைவிடாப் பழக்கமே இலக்கணத்தைத் தரும். 1904-இல் ஹெலன் பட்டம் பெற்றதற்கு வேர் இதுவே.

ஆன் சல்லிவன் அவ்விரலெழுத்தை எங்குக் கற்றார்? பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பள்ளியில், லாரா பிரிட்ஜ்மன் என்னும் இருபுலன் இழந்த பெண்மணியோடு வாழ்ந்த காலத்தில். லாராவுக்கு 1837 முதல் சாமுவேல் ஹோவே என்னும் மருத்துவர் மொழி கற்பித்தார். கரண்டி, சாவி போன்றவற்றின்மேல் மேடெழுத்துகளை ஒட்டி விரலால் தடவச் செய்தார். 1842-இல் லாராவைக் கண்ட டிக்கன்ஸ் தம் பயணநூலில் அவரைப் பற்றி எழுதினார். அதனைப் படித்தே ஹெலனின் தாய் தம் மகளுக்கும் கல்வி உண்டு என்று நம்பினார். ஆன் சல்லிவன் கொண்டுசென்ற பொம்மையின் ஆடை லாரா தைத்தது. இருபுலன் இழந்தோர் பிறர்க்கு ஊக்கம் தருவர் என்று பொதுப்படக் கூறுகிறோம். அவ்வூக்கம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் சென்ற வழி இது.

நம் நாட்டில்

ஹெலன் கெல்லர் 1955-இல் இந்தியா வந்து நேருவைச் சந்தித்தார். ஆயினும் இருபுலன் இழந்தோர்க்கெனப் பம்பாயில் பெரோஸ் வாச்சா அம்மையார் ஒரு நிறுவனம் தொடங்கியது 1977-இல்தான். அதற்கு ஹெலன் கெல்லரின் பெயரே இடப்பட்டது. 1997-இல் அகமதாபாத்தில் சென்ஸ் இந்தியா தோன்றியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிய ஏழு வகைகளில் இவர்கட்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டமே பல்வகைக் குறைபாட்டின்கீழ் இவர்களைப் பெயர் சுட்டிக் கூறிற்று. நமக்கு அண்மையில், சென்னையையடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது.

அத்தகைய இடங்களில் கற்பித்தல் பொருளிலிருந்து தொடங்குகிறது. உணவுக்கு முன் ஒரு கரண்டி, குளிக்குமுன் ஒரு குவளை என நாள்தோறும் ஒரே பொருள் குழந்தையின் கையில் வைக்கப்படும். சில திங்களில் கரண்டி உணவின் பெயராகிவிடும். ஒவ்வொருவர்க்கும் தொட்டறியும் அடையாளம் ஒன்று உண்டு: அன்னைக்கு வளையல், ஆசிரியர்க்குக் கைக்கடிகாரம். ஆசிரியர் குழந்தையின் கையைப் பற்றி இழுப்பதில்லை. தம் கையைக் குழந்தையின் கைக்கு அடியில் வைத்துச் செயலில் ஈடுபடுவார். விரும்பினால் தொடரவும் விரும்பாவிடின் விலகவும் குழந்தைக்கு உரிமை உண்டு. கற்பிக்கும் தொழிலிலுள்ள நாம் அனைவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய முறை இது.

ஊர்ப்பெரியோர்க்கு ஒன்று கூறவேண்டும். ஒலிக்கும் ஒளிக்கும் திரும்பாத குழந்தையைப் புத்தியில்லாத பிள்ளை என்று திண்ணையில் கிடத்திவிடுதல் நம் சிற்றூர்களில் புதிதன்று. மொழி பெறுதற்குரிய முதல் ஆண்டுகள் அவ்வாறே கழிந்துவிடுகின்றன. இவர்களுள் பலர்க்குச் சிறிது பார்வையோ சிறிது கேள்வியோ எஞ்சியிருக்கும். பரிசோதித்தாலன்றி அது தெரியாது. கருவுற்ற தாயை முதல் மூன்று திங்களில் ரூபெல்லா தாக்கினால் குழந்தையின் கண்ணும் செவியும் பழுதுறக்கூடும். 2017-இல் தமிழகத்தில் அதற்கான தடுப்பூசி இயக்கம் நடைபெற்றபோது எழுந்த வதந்திகளை நாம் அறிவோம். பிறவியில் செவி குன்றி, மாலைக்கண்ணாகத் தொடங்கிப் பின் பார்வையும் குறையும் அஷர் நோய் மரபுவழி வருவது. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு மிகுதி.

புள்ளியும் தமிழும்

1951 முதல் வழங்கும் பாரதி பிரெயில் முறையில் தமிழும் ஆறு புள்ளிகளில் அடங்குகிறது. ஓலை கிழியும் என்று நம் முன்னோர் புள்ளியை விடுத்தெழுதினர். இங்கோ புள்ளியே எழுத்து. அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. பிரெயிலில் ககரம் முன்னும் எகரம் பின்னும் வரும். உயிர்மெய்யில் மெய் முந்த உயிர் பிந்தும் என்னும் தொல்காப்பிய விதியை, அச்செழுத்தினும் செவ்வையாகக் காப்பது இவ்விரலெழுத்தே என்பது நம் மாணவர்க்கு வியப்பாயிருக்கும்.

ஜப்பானில் ஒன்பது வயதில் பார்வையும் பதினெட்டு வயதில் கேள்வியும் இழந்த சதோஷி ஃபுகுஷிமாவிடம், அவர்தம் தாய் ஒருநாள் பிரெயில் பொறியின் விசைகளை அழுத்துவது போல அவர் விரல்களையே அழுத்திப் பேசினார். அவ்வழியே கற்ற அவர் பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். புள்ளி ஆறே ஆதலால் தமிழையும் இவ்வாறு பேச இயலும். இடக்கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் முறையே 1, 2, 3. வலக்கையில் அவ்வாறே 4, 5, 6. இடச்சுட்டுவிரலை அழுத்தினால் அகரம். வலச்சுட்டுவிரல் தனித்து வந்தால் புள்ளி. இம்முறையில் அது மெய்க்கு முன் வரும். இரு சுட்டுவிரல்களும் இடமோதிரவிரலும் சேர்ந்தால் மகரம். மீண்டும் ஒரு மகரம். இடமோதிரவிரலோடு வலச்சுட்டுவிரலும் வலநடுவிரலும் சேர்ந்தால் ஆகாரம். ஐந்து அழுத்தங்களில் 'அம்மா' என்னும் சொல் முடிகிறது.