எலும்பில் குழியா? கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்

ஜிந்துப்பிட்டியிலிருந்து மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வீடுகளில், ரிப்போர்ட்டில் எலும்பு என்று கண்டதுமே "பரவிவிட்டது" என்று அழத் தொடங்கிவிடுவார்கள். பல வேளை அந்தப் பயம் பிழையல்ல. ஆனால் தைரொயிட்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைரொயிட் சுரப்பி வீங்கி ஹோர்மோனைக் (பி.டி.எச்.) கொட்டினாலும் எலும்பு கரைந்து குழி விழும். அதற்கு பிரவுண் டியூமர் என்று பெயர், புற்றுநோய் அல்ல. 1925இல் வியன்னாவில் பெலிக்ஸ் மண்டல் என்ற அறுவை மருத்துவர், எலும்பு நொறுங்கிப்போன ஒரு டிராம் கண்டக்டரின் கழுத்திலிருந்து பாராதைரொயிட் கட்டியை வெட்டி எடுத்த பிறகுதான் அவருடைய எலும்பு தேறத் தொடங்கியது.

செய்ய வேண்டியவை

• கல்சியம், பி.டி.எச். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் கூடியிருந்தால் சுரப்பிப் பக்கம் தேட வேண்டும். புற்றுநோயால் கல்சியம் ஏறினால் பி.டி.எச். பொதுவாக இறங்கிக் கிடக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு நோயும் இருக்கலாம். இந்த ஒரு பரிசோதனைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.
• அல்புமின், விட்டமின் டி, கிரியற்றினின் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அல்புமின் குறைந்தால் கல்சியம் குறைவாகத் தெரியும்; விட்டமின் டி குறைவும் சிறுநீரக நோயும் பி.டி.எச்.சை ஏற்றும்.
• குடிக்கும் மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பிரட்னிசொலோனும் லெட்ரசோலும் எலும்பை மெலிய வைக்கும். அப்படி வந்த முறிவும் ஸ்கேனில் தெரியும். பிரஷருக்கான ஹைட்ரோகுளோரோதயசைட் கல்சியத்தை ஏற்றும். முடி வளரக் குடிக்கும் பயோட்டினையும் மறைக்காதீர்கள், பி.டி.எச். முடிவையே அது குழப்பிவிடும்.
• முன்பு சிறுநீரகக் கல் வந்திருந்தால் சொல்லுங்கள். அது நல்ல துப்பு.
• பயோப்சி படிவத்தில் கல்சியம், பி.டி.எச். அளவை எழுதச் சொல்லுங்கள். நுண்ணோக்கியில் பிரவுண் டியூமரும் ஜயன்ட் செல் டியூமரும் ஒன்றுபோலவே இருக்கும்.
• கால் சோர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முள்ளந்தண்டு நசிந்தால் ஒரு நாள் தாமதமும் நடையைப் பறிக்கும்.

செய்யக்கூடாதவை

• பெட் ஸ்கேனில் ஒளிர்ந்ததை மட்டும் வைத்து "நான்காம் கட்டம்" என்று முடிவு கட்டாதீர்கள். பிரவுண் டியூமரும் ஒளிரும்.
• இரத்தம் எடுக்க முன் சொலெட்ரோனிக் அசிட் ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். ஊசிக்குப் பிறகு கல்சியம் இறங்கி, பி.டி.எச். ஏறி, கணக்கே மாறிவிடும். பல்லையும் முதலில் காட்டுங்கள்.
• முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். குழி விழுந்த எலும்பு கையோடு முறியும்.
• எலும்பு நோவுக்கென்று பார்மசியில் நீங்களாகவே கல்சியம் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏறியிருந்தால் ஆபத்து.
• "பிரவுண் டியூமராகத்தான் இருக்கும்" என்று நம்பி கீமோ திகதியைத் தவறவிடாதீர்கள். சந்தேகத்தைக் கிளினிக்கிலேயே கேளுங்கள். சிகிச்சையை நிறுத்துவதா என்பதை உங்கள் ஒன்கொலொஜிஸ்ட் சொல்லட்டும்.