காயல் காற்றில் 42 கிலோமீட்டர்

கேள்வி: கொச்சி வில்லிங்டன் தீவில் மாரத்தான் ஓட ஆசை. எப்படித் தயாராவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாதை உங்களைப் படுத்தாது. துறைமுகத்துக்காக ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவு, தட்டையான நிலம். காற்றுதான் பாடு. கோவையில் வியர்வை சட்டென்று காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். அங்கே ஈரக்காற்றில் காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். சூடு உள்ளேயே தங்கிவிடும். உடம்பு இதற்குப் பழகப் பத்து, பதினான்கு நாள் வேண்டும். அதனால் ஊரிலேயே கடைசி இரண்டு வாரம் வெயில் ஏறியபின் மெதுவாக ஓடிப் பழகுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். வயிறு முட்டக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எறணாகுளம் ஜங்ஷனில் முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். பழகிய ஷூ கைப்பையில் இருக்கட்டும்.