நிலவு கீழே விழாதது ஏன்?

பால் மரத்தின் வெட்டுக் கோடு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சாய்வாக அமைந்திருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வெட்டிய இடத்தில் ஊறும் பால் அந்தச் சாய்வு வழியே இறங்கி, தகரத் தகட்டின் நுனியிலிருந்து மங்கில் சொட்டுகிறது. அதனை எவரும் தள்ளிவிடுவதில்லை. பூமி இழுக்கிறது, பால் இறங்குகிறது. இந்த இழுவிசைக்கே புவியீர்ப்பு என்று பெயர். தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் வாழ்நாளில் இவ்விசையைப் பயன்படுத்தும் அளவுக்கு வேறெவரும் பயன்படுத்துவாரா என்பது ஐயமே.

ஆயினும், இதே புவியீர்ப்பு பாடநூலில் வரும்போது நமக்கு அந்நியமாகிவிடுகிறது. படிவம் நான்கு இயற்பியல் நூலில் ஈர்ப்பு குறித்துத் தனி இயலே உண்டு. மலாய்மொழியில் ‘கிராவித்தி’ என்றும் ‘ஓர்பிட்’ என்றும் படித்துவிட்டு வரும் பிள்ளை, தந்தையிடம் ஓர் ஐயம் கேட்கிறது. “எனக்கென்னப்பா தெரியும், வாத்தியாரைக் கேள்” என்று மறுமொழி வருகிறது. இரண்டு மூன்று முறை இவ்வாறு நடந்தால், பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் “இயற்பியல் நமக்கு ஒத்துவராது” என்னும் முடிவு வீட்டிலேயே எடுக்கப்பட்டுவிடும். பொறியியல் முதலான பல துறைகளின் வாசல் அன்றே சாத்தப்படுகிறது. ஆகவே இக்கட்டுரையைத் தாய் தந்தையர் முதலில் படித்து, பின்னர் பிள்ளையிடம் கொடுக்குமாறு வேண்டுகிறேன். கிராவித்தி என்பது ஈர்ப்பு. ஓர்பிட் என்பது சுற்றுப்பாதை. இவ்விரு சொற்களும் போதும், தொடங்கலாம்.

பிள்ளை கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: கனியை இழுக்கும் பூமி நிலவையும் இழுக்கிறது என்றால், நிலவு ஏன் நம் தலைமேல் விழவில்லை?

இதற்கு விடை காணுமுன் விழுதல் என்றால் என்ன என்பதைச் சற்று ஆராய்வோம். இன்று பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. உயரமான செம்பனையிலிருந்து இருபது கிலோ எடையுள்ள குலை ஒன்றும், அதே உயரத்திலிருந்து உதிரிப் பழம் ஒன்றும் ஒரே நொடியில் விடுபடுவதாகக் கொள்வோம். எது முதலில் தரையைத் தொடும்? குலைதான் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கூறுவர். உண்மையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்து சேரும். கனத்த பொருளைப் பூமி மிகுதியாக இழுக்கிறது என்பது மெய்யே. ஆனால் கனத்த பொருளை அசைக்கவும் அதே அளவு மிகுதியான விசை வேண்டும். இரண்டும் ஈடாகிவிடுகின்றன. காற்றின் தடை இல்லையெனில் இறகும் இரும்பும் ஒன்றாகவே விழும். இவ்வுண்மையை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் விண்வெளி வீரரைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இன்னொரு சோதனையை வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு இருபது காசு நாணயங்களை மேசை விளிம்பில் வையுங்கள். ஒன்றை நேர்க்கீழே விழவிடுங்கள். அதே கணத்தில் மற்றொன்றை விரலால் சுண்டிப் படுக்கைவாட்டில் தள்ளுங்கள். சுண்டிய நாணயம் எட்டிச் சென்று விழும். ஆனால் இரண்டும் தரையில் மோதும் ஓசை ஒன்றாகவே கேட்கும். பக்கவாட்டில் எவ்வளவு விரைவாகச் சென்றாலும், கீழே விழும் வேலை தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறது என்பது இதனால் விளங்கும். எந்தப் பொருளும் முதல் ஒரு நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் கீழே இறங்கும். சுண்டி எறிந்தாலும் சரி, துப்பாக்கியால் சுட்டாலும் சரி.

இங்கேதான் நியூட்டனின் கூரிய சிந்தனை நமக்கு வழிகாட்டுகிறது. பூமி தட்டையன்று, உருண்டை. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நேராகச் சென்றால், பூமியின் மேற்பரப்பு நம் நேர்க்கோட்டிலிருந்து 5 மீட்டர் கீழே வளைந்து போய்விடும். இப்போது மிக உயர்ந்த மலை ஒன்றின் உச்சியில், காற்றே இல்லாத உயரத்தில், ஒரு பீரங்கி இருப்பதாக எண்ணுங்கள். குண்டு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சற்றுத் தொலைவில் விழும். நொடிக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் இன்னும் தொலைவில் விழும். நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் என்றால்? ஒரு நொடியில் குண்டு 5 மீட்டர் விழுகிறது. அதே நொடியில் தரையும் 5 மீட்டர் வளைந்து விலகிவிடுகிறது. குண்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையவே இல்லை. அடுத்த நொடியும் அவ்வாறே. அது விழுந்துகொண்டேயிருக்கும், ஆனால் தரையை ஒருபோதும் எட்டாது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பூமியை முழுவதும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். சுற்றுப்பாதை என்பது இதுதான்.

ஆக, நிலவு விழவில்லை என்று கூறுவதே பிழை. நிலவு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு விழுகிறது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். பூமியின் நடுப்புள்ளியிலிருந்து நாம் நிற்கும் தொலைவைப்போல் 60 மடங்கு தொலைவில் நிலவு உள்ளது. விளக்கிலிருந்து இருமடங்கு விலகி நின்றால் ஒளி பாதியாவதில்லை, நான்கில் ஒன்றாகிறது. மும்மடங்கு விலகினால் ஒன்பதில் ஒன்று. ஈர்ப்பும் அவ்வாறே குறைகிறது. அறுபது மடங்கு என்றால் 60ஐ 60ஆல் பெருக்கிவரும் 3600இல் ஒரு பங்கு. இங்கே ஒரு நொடியில் 5 மீட்டர் விழும் பொருள், நிலவின் தொலைவில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் மட்டுமே விழும். கைதேர்ந்த வெட்டுக்காரர் ஒரு தடவை சீவும் பட்டையின் அளவுதான் அது! அந்த ஒரு நொடியில் நிலவு பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் சென்றுவிடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சீவல் அளவு வளைவு; அந்த வளைவுதான் 27 நாளில் ஒரு வட்டமாக முடிகிறது. மரத்திலிருந்து விழும் கனிக்கும் வானத்து நிலவுக்கும் ஒரே சட்டம் என்பதைக் காட்டிய நியூட்டனின் பெருநூல் 1687ஆம் ஆண்டில் வெளிவந்தது.

நீர் நிறைந்த வாளியைப் பிள்ளைகள் தலைக்கு மேல் சுழற்றி விளையாடுவர். வாளியை வெளியே தள்ளும் விசை ஒன்று இருப்பதால்தான் நீர் சிந்தவில்லை என்று பலரும் விளக்கம் கூறுவர். தேர்வில் அவ்வாறு எழுதினால் மதிப்பெண் கிட்டாது. கை வாளியை உள்நோக்கி இழுக்கிறது. அவ்விழுப்பே அதன் பாதையை வளைக்கிறது. கையை விட்டுவிட்டால் வாளி அப்போது சென்றுகொண்டிருந்த திசையில் நேராகப் பறக்கும். நிலவுக்குப் பூமியின் ஈர்ப்பே அந்தக் கை.

இனி விண்வெளி வீரரிடம் வருவோம். நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் 2007 அக்டோபர் 10ஆம் நாள் பைக்கானூர் தளத்திலிருந்து புறப்பட்டு, அனைத்துலக விண்வெளி நிலையத்தை அடைந்தார். அது நோன்பு மாதம். அங்கே ஒரு நாளில் பதினாறு முறை கதிரவன் உதிக்கும் என்பதால், தொழுகை நேரத்தைப் புறப்பட்ட இடத்தின் நேரப்படி கணக்கிட்டுக்கொள்ளுமாறு வழிகாட்டி வகுக்கப்பட்டது. அவர் அங்கே மிதந்ததைத் தொலைக்காட்சியில் கண்டவர்களில் பலர், மேலே ஈர்ப்பு இல்லை என்று முடிவுகட்டினர். படித்தவர்களும் இவ்வாறே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்நிலையம் பறப்பது தரைக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில்தான். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் சாலைத் தொலைவை விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அவ்வுயரத்தில் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு இருக்கிறது. அந்த ஈர்ப்பு இல்லையெனில் நிலையம் நேர்க்கோட்டில் விலகிச் சென்று திரும்பாமலே போய்விடும். அப்படியானால் வீரர் ஏன் மிதக்கிறார்? குலையையும் உதிரிப் பழத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நிலையமும் விழுகிறது, வீரரும் விழுகிறார், அவர் கையில் உள்ள பேனாவும் விழுகிறது. எல்லாம் ஒரே அளவில் ஒன்றாக விழுவதால் ஒன்று மற்றொன்றின்மீது அழுந்துவதில்லை. பாதம் தரையை அழுத்தும்போதே நமக்கு எடை என்ற உணர்வு உண்டாகிறது. அழுத்தம் இல்லையேல் அவ்வுணர்வும் இல்லை.

நம் வீடுகளுக்கு இன்னும் நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டு, சுவரில் பொருத்தியிருக்கும் ஆஸ்ட்ரோ தட்டு. தீபகற்பத்தின் எந்தத் தோட்டத்திலும் இத்தட்டுகள் மேற்கு வானின் உயரத்தில் ஒரே இடத்தை நோக்கியிருக்கும். சுமத்திராவுக்கும் மேற்கே, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், நடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மியாசாட் துணைக்கோளங்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது 1996 ஜனவரியில் ஏவப்பெற்றது. இரவும் பகலும் அவை அசையாமல் அங்கேயே தொங்குவதுபோல் தோன்றும். உண்மையில் நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கின்றன.

உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறைகிறது. ஈர்ப்பு குறைந்தால் சுற்றும் வேகமும் குறைவாக இருந்தால் போதும். செல்லவேண்டிய வட்டமோ பெரிது. ஆகவே சுற்றிவரும் நேரம் நீள்கிறது. தாழ்வான பாதையில் ஒன்றரை மணி. நிலவின் பாதையில் 27 நாள். இடையே ஓர் உயரத்தில் அந்நேரம் பூமி தன்னைத்தானே சுற்றும் ஒரு நாளுக்குச் சமமாகத்தானே வேண்டும்? அவ்வுயரம் மேற்கூறிய 35,786 கிலோமீட்டர். துணைக்கோளமும் பூமியும் ஒரே கதியில் திரும்புவதால், அது நின்ற இடத்தில் நிற்பதாக நமக்குத் தெரிகிறது. பூமியின் ஈர்ப்பு நடுப்புள்ளியை நோக்கியே இழுப்பதால், எந்தச் சுற்றுப்பாதையும் அந்நடுப்புள்ளியைச் சூழ்ந்தே அமையும். ஆகவே நிலையாகத் தோன்றும் துணைக்கோளத்தை நடுக்கோட்டுக்கு மேலே மட்டுமே நிறுத்த முடியும். ஈப்போவுக்கு நேர்மேலே ஒன்றை நிறுத்தி வைக்க எந்த நாட்டாலும் இயலாது.

2021 ஜூன் 21ஆம் நாள் ஆஸ்ட்ரோ அலைவரிசைகள் சில தடைப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். 2006இல் ஏவப்பெற்ற மியாசாட்-3 அன்று கோளாறுற்றது. அத்துணைக்கோளம் கட்டுக்கடங்காமல் தன் இடத்தை விட்டு விலகிச் சென்றது. துணைக்கோளம் பூமியில் விழுந்துவிடுமோ என்று அஞ்சியவர்களும் உண்டு. அதற்கு இடமே இல்லை. அந்த வேகம் இருக்கும்வரை சுற்றுதலும் இருக்கும். ஆனால் பாதை சற்று உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ, பூமியோடு ஒத்துச் சுற்றும் கதி தவறிவிடும். நூறு கிலோமீட்டர் உயர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.3 பாகை மேற்கே பின்தங்கும். தாழ்ந்தால் கிழக்கே முந்தும். அசையாமல் பொருத்திய தட்டு அதனை எப்படித் துரத்திப் பிடிக்கும்? கதிரவனும் நிலவும் சிறிது சிறிதாக இழுப்பதால் ஏற்படும் விலகலைத் திருத்தவே துணைக்கோளத்தில் எரிபொருள் வைத்திருக்கிறார்கள், சுற்றுவதற்காக அன்று. 2022 ஜூன் 22ஆம் நாள் மியாசாட்-3டி ஏவப்பெற்றது.

சுற்றுவதற்கு எரிபொருள் வேண்டியதில்லை என்பதற்கு ராசாக்சாட் தெளிவான சான்று. நம் நாட்டின் இத்துணைக்கோளம் 2009 ஜூலை 14ஆம் நாள் பசிபிக் கடலின் குவாஜலின் தீவுக்கூட்டத்திலிருந்து ஏவப்பெற்று, 685 கிலோமீட்டர் உயரத்தில் நடுக்கோட்டை ஒட்டிய பாதையில் சுற்றலாயிற்று. நம் வானத்தை ஒரு நாளில் பலமுறை கடக்க வேண்டும் என்பதற்காகவே அப்பாதை தெரிந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின் அதன் கருவிகள் செயலிழந்தன, தொடர்பு அற்றது. ஆனால் சுற்றுவது நிற்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. சுற்றும் காலத்தின் வர்க்கம், பூமியின் நடுப்புள்ளியிலிருந்து உள்ள தொலைவின் கனத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது கெப்ளர் 1619இல் வெளியிட்ட விதி. நிலவின் தொலைவு 384,400 கிலோமீட்டர். மியாசாட்டின் தொலைவு, பூமியின் ஆரத்தையும் சேர்த்து 42,164 கிலோமீட்டர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறத்தாழ 9.1. அதன் கனம் 754. அதன் வர்க்கமூலம் 27.5. மியாசாட் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் எடுத்தால், நிலவுக்கு 27½ நாள் ஆகவேண்டும். வானியலார் அளந்து கண்டது 27 நாள் 8 மணிக்குச் சற்றுக் குறைவு.

இதே முறையில் ராசாக்சாட் ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் எடுக்கும் என்று கணக்கிடுக. உயரத்தோடு பூமியின் ஆரமாகிய 6,371 கிலோமீட்டரைக் கூட்ட மறவாதீர். விடை 98 அல்லது 99 நிமிடத்தை ஒட்டி வந்தால் சரி.