சும்மா கிடக்கும்போதுதான் சாகிறது

கற்பிட்டியில் போட் எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். நாற்பது குதிரை வலு எஞ்சினை ஆறு மாதம் மூலையில் போட்டுவிட்டு வந்தாலும், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கைத் துடைத்து, கயிற்றை நாலு தரம் இழுத்தால் இருமிக்கொண்டாவது உயிர் வந்துவிடும். றிமோட் வண்டிகளில் போடுகிற லைப்போ, அதாவது லித்தியம் பொலிமர் பெட்டரியும் அப்படித்தான் என்று நினைத்துக் கையில் எடுத்தவன் நான். அந்த நினைப்பிலேயே ஐந்து பெட்டரிகளைக் கொன்றேன்.

றிமோட் கார், றிமோட் போட் என்றால் ஊரில் சின்னப் பிள்ளைகளின் சாமான் என்றுதான் பேச்சு. என்னிடம் இருப்பது பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஒரு ட்ரக்கும், முக்கால் மீற்றர் நீளமான ஒரு போட்டும். ட்ரக்கை, வற்றிக் காய்ந்த பழைய இறால் பண்ணைக் குளங்களில் ஓட்டுவேன். போட்டைக் களப்பில் விடுவேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ட்ரக் கிளம்பினால் பார்க்க வருவது பொடியன்மாரும் ஊர்க் கழுதைகளும்தான். கழுதைகள் ஓடுவதில்லை, காதை மட்டும் திருப்பிப் பார்க்கும்.

செத்த ஐந்து பெட்டரிகளையும் மேசையில் வரிசையாக வைத்து ஒரு நாள் யோசித்தேன். அதில் ஒன்றுகூட ஓடும்போது சாகவில்லை. அலுமாரியில், மோட்டார் சைக்கிள் பெட்டியில், சார்ஜருக்குப் பக்கத்தில் என்று எல்லாமே ஓட்டாமல் விட்ட நேரத்தில்தான் செத்திருந்தன. நான் படித்த பாடம் முழுவதும் இதற்குள் அடங்கும்.

முதலில் கணக்கு

லைப்போவின் ஒரு செல் சராசரி 3.7 வோல்ட். 2எஸ் என்றால் இரண்டு செல், 7.4 வோல்ட். 3எஸ் என்றால் 11.1. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு புள்ளியும் ஏறக் கூடாது. கீழே 3.0 வோல்ட் கடைசி எல்லை. ஓட்டி முடித்து ஆறவிட்ட பிறகு 3.5க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. வைப்பதற்கு உரிய அளவு 3.8. 4.2, 3.0, 3.5, 3.8 என்ற இந்த நாலு எண்களையும் கடைச் சுவரில் சோக்கால் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தப் பெட்டரிக்கு இரும்பு ஓடு கிடையாது. பிஸ்கட் பக்கெற் உறை போன்ற மெல்லிய அலுமினியப் பைக்குள் படலங்களை அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். பாரம் குறைவாக இருப்பதும் அதனால்தான், உள்ளே வாயு உண்டானால் பலூன் மாதிரி ஊதுவதும் அதனால்தான்.

நோன்பு மாதத்துப் பாடம்

ஒரு ஷஃபான் மாதக் கடைசியில் இரண்டு பெட்டரிகளை முழுச் சார்ஜ் ஏற்றி வைத்தேன். மறுநாள் ஓட்டலாம் என்று எண்ணம். பிறை கண்டது, நோன்பு தொடங்கியது, பகலில் களைப்பு, இரவில் தராவீஹ் தொழுகை. இரண்டும் ஒரு மாதம் அலுமாரியில் கிடந்தன. பெருநாளுக்கு முதல் நாள் உடுப்பு எடுக்கப் போன உம்மா கேட்டார்: “என்னா மகன் இது, அப்பம் போல ஊதிக் கெடக்குது?”

கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் விரல் வைத்தால் மெத்தென்று உள்ளே போனது. உறையின் மூலையில் லேசான இனிப்பு வாசம், நகப்பூச்சு போல. உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகியிருந்தது. முழுச் சார்ஜில் செல்லின் உள்பக்கம் எப்போதும் முறுகி நிற்கிறது. அதோடு எங்கள் ஊர் வெக்கையும் சேர்ந்தால் சிதைவு இன்னும் விரைவாகும்.

அதிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: ஓட்டப் போகிற அன்றுதான் முழுச் சார்ஜ். மழை வந்து ஓட்ட முடியாமல் போனால், இரண்டு நாளுக்குள் 3.8க்கு இறக்கிவிடுவேன். நல்ல சார்ஜர்களில் ‘ஸ்டோரேஜ்’ என்றே ஒரு தெரிவு இருக்கிறது. அது கூடினால் இறக்கும், குறைந்தால் ஏற்றும். அதற்கு முன் அந்தப் பொத்தானை நான் இரண்டு வருடம் தொட்டதே இல்லை.

ஊதிய பெட்டரியை ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று ஒரு கூட்டாளி சொன்னான். கனவிலும் செய்யாதீர்கள். குத்தினால் உள்ளே இரண்டு படலங்கள் தொட்டுக்கொள்ளும், அடுத்த விநாடி நெருப்பு.

கரண்ட் போன இரவு

2022 மார்ச் மறக்க முடியாத மாதம். டீசல் இல்லை, காஸ் இல்லை, மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் கட். 900 மெகாவாட் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி எங்கள் பாதையோரம் நிற்கிறது, வீட்டில் குப்பி விளக்கு எரிகிறது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது: 3எஸ் பெட்டரியை 12 வோல்ட் எல்.ஈ.டி. நாடாவில் கொழுவினால் என்ன?

வெளிச்சம் நன்றாகத்தான் வந்தது. பிள்ளைகள் படித்தார்கள். நான் அப்படியே தூங்கிப்போனேன். விடியும்போது நாடா அணைந்திருந்தது. அளந்தேன்: மொத்தம் 7.4 வோல்ட். செல்கள் 2.6, 2.5, 2.3. அந்த நாடா ஏழரை வோல்ட்டுக்குக் கீழே எரியாது. பெட்டரியைக் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை, இழுக்க முடிந்ததையெல்லாம் இழுத்துவிட்டுத்தான் விளக்கு ஓய்ந்தது.

ட்ரக்கில் இப்படி நடக்காது. அதன் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாவது ஈ.எஸ்.சி., வோல்ட் இறங்கினால் மோட்டாரை நிறுத்திவிடும். அதையும் ‘லைப்போ’ என்று அமைத்திருந்தால்தான். பழைய நிக்கல் பெட்டரிக்கென்று அமைத்துவிட்டு ஓட்டினால் அதுவும் காப்பாற்றாது. விளக்கிலோ விசிறியிலோ கொழுவினால் காவல்காரனே கிடையாது. எங்கு கொழுவினாலும் செல் பார்த்துக் கத்துகிற சின்ன பீப்பர் ஒன்றை, ஒவ்வொரு செல்லுக்கும் தனி வயர் போகிற பெலன்ஸ் பிளக்கில் குத்திவிடுங்கள். நான் 3.5இல் வைத்திருக்கிறேன்.

செத்த அந்தப் பெட்டரியை சார்ஜர் ஏற்க மறுத்தது. நான் கெட்டிக்காரத்தனமாக சார்ஜரை நிக்கல் பெட்டரி என்று ஏமாற்றி ஏற்றினேன். ஏறியது. மூன்றாம் ஓட்டத்துக்குப் பிறகு ஊதிக் கிடந்தது. ஆபத்து பிறகுதான் விளங்கிற்று: வோல்ட் அளவுக்கு மீறி இறங்கினால் உள்ளே செப்புப் படலம் கரையலாம், திரும்ப ஏற்றும்போது அந்தச் செப்பு வேறிடத்தில் ஊசியாகப் படியலாம். ஒரு நாள் அந்த ஊசி அடுத்த படலத்தைத் தொடும். சார்ஜர் மறுத்தால் அதன் பேச்சைக் கேளுங்கள்.

இன்னொன்று: ஈ.எஸ்.சி.யின் சுவிட்சை அணைத்தாலும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டி முடிந்ததும் பிளக்கைக் கழற்றாமல் வீட்டுக்குள் வராதீர்கள்.

உப்பும் சாதாழையும்

மழையில்லாத மாதங்களில் புத்தளக் களப்பின் உள்பக்கத் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும். அதில் ஒரு நாள் என் போட் கவிழ்ந்தது. நீந்திப் போய் எடுத்து மூடியைத் திறந்தால், பெலன்ஸ் பிளக்கின் ஊசிகளிலிருந்து சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டிருந்தது. சோடாவைத் திறந்த மாதிரி. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்போது அந்த ஊசிகளைத்தான் தின்கிறது. மறுநாள் அதே ஊசிகள் பச்சை பிடித்திருந்தன.

நனைந்தால் நான் செய்வது இதுதான். முதலில் கழற்று. நல்ல தண்ணீரில் அலசு. துணியால் ஒற்றி எடு. காற்றில் நிழலில் காயவிடு, வெயிலில் வேண்டாம். ஒரு நாள் முழுக்க வெளியே, மண் போட்ட பேசினில், வீட்டிலிருந்து தள்ளி வை. உறை கிழிந்திருந்தாலோ, ஒரு செல் மட்டும் வோல்ட் இறங்கினாலோ, அதற்கு மேல் நம்பாதே. நனையாவிட்டாலும் இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. பிளக்குகளை மாதம் ஒரு தரம் பார்க்க வேண்டும். கறுத்த பிளக் சூடேறும், சூடேறிய பிளக் பெட்டரியின் வலுவை வழியிலேயே தின்றுவிடும்.

போட்டின் விசிறியில் சாதாழை சுற்றினால் மோட்டார் திணறி அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். ட்ரக் பொருபொருத்த மணலில் புதைந்தாலும் அதே கதை. பெரிய எஞ்சினுக்குப் பொருந்தாத விசிறி போட்டால் எஞ்சின் சூடாகும் என்று எனக்குத் தொழிலில் தெரியும். இங்கே சூடாவது பெட்டரி. மணலுக்கு மோட்டாரின் பல் சில்லைச் சின்னதாக மாற்றினேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, ஓட்ட நேரம் கூடியது. திரும்பி வந்த பெட்டரியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றால் ஏதோ பிழை.

வெயிலில் நிற்கும் வண்டி

ஆலங்குடாக் கடற்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கறுப்புப் பெட்டிக்குள் பெட்டரியை வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் காற்றாடிச் சறுக்கல்காரர்களை வேடிக்கை பார்த்தேன். என் மூன்றாவது பெட்டரி போன கதை அது. பூட்டிய வண்டிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் வெக்கை 50 பாகையைத் தாண்டிவிடும். இப்போது தென்னை நிழலில், ஐஸ் போடாத ஒரு ரெஜிபோம் மீன் பெட்டியில் கொண்டுபோகிறேன். ஐஸ் போட்டால் ஈரம் படியும். ஓட்டி முடித்த பெட்டரியை உடனே சார்ஜில் போடுவதும் இல்லை. அரை மணி நேரம், கைக்குக் குளிர்ச்சியாகத் தெரியும்வரை காத்திருப்பேன்.

கிடுகுக் கூரைக்குக் கீழே சார்ஜ் செய்யாதே

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. கடை, கொட்டில், வேலி எல்லாம் கிடுகு. பக்கத்தில் தும்பு மூட்டை, கொப்பறை. லைப்போ தீப்பிடித்தால் ஊதுகுழல் போலச் சீறி அடிக்கும். நான் சீமெந்துத் தரையில், மேலே எதுவும் இல்லாத இடத்தில், அரைப் பேசின் மண்ணுக்கு மேல் வைத்துத்தான் சார்ஜ் செய்கிறேன். மண்ணுக்குக் கற்பிட்டியில் பஞ்சமில்லை. பக்கத்தில் இன்னொரு வாளி மண்ணும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கும். இதில் உலோகமாக லித்தியம் இல்லை, ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். மண் பரவாமல் பிடிக்கும், தண்ணீர் ஆற்றும். புகையை மட்டும் மூச்சில் இழுக்கக் கூடாது, அது நஞ்சு.

எவ்வளவு அம்பியரில் ஏற்றுவது என்பது இலகுவான கணக்கு. 5000 மில்லி அம்பியர் மணி என்றால் 5 அம்பியர், 2200 என்றால் 2.2. அவசரத்துக்குக் கூட்டாதீர்கள். எப்போதும் பெலன்ஸ் பிளக்கையும் சேர்த்தே கொழுவுங்கள். ஒரு செல் முந்தி மற்றது பிந்தினால் மொத்த எண் சரியாகத் தெரியும், ஆனால் முந்திய செல் 4.2ஐத் தாண்டியிருக்கும்.

சார்ஜ் ஏறும்போது கரண்ட் போனால் உடனே இரண்டு பக்கமும் கழற்றிவிடுவேன். திரும்பி வரும் கரண்ட் எந்த வேகத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்று என் கடையில் ஒரு பெட்டரி சார்ஜில் இருந்தது. கடைப் பொடியன் “நானா, பிறகு எடுப்போமே” என்றான். நான் எழுந்து போய்க் கழற்றினேன். ஐந்து பெட்டரி படிப்பித்த பழக்கம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவோருக்கு

கட்டாரில், துபாயில் இருக்கும் தம்பிமாரிடம் பெட்டரி சொல்லி அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். தனிப் பெட்டரியை ஒப்படைக்கும் பொதியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் மணிவரை பொதுவாக அனுமதி உண்டு. 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதுவும் இரண்டு மட்டும். கணக்கு: 11.1 வோல்ட்டை 5 அம்பியர் மணியால் பெருக்கினால் 55.5 வாட் மணி. முனைகளுக்கு டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, முழுச் சார்ஜ் இல்லாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். வந்த பெட்டரிக்குப் புதிதாக பிளக் மாற்றுகிறவர்கள் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஒன்றாக வெட்டிவிடாதீர்கள். ஒன்றை வெட்டி, ஈயம் வைத்து, மூடிய பிறகே மற்றது.

செத்ததை எங்கே போடுவது

ஊதியதையும் கிழிந்ததையும் வைத்துக்கொண்டு ‘இன்னும் ஒரு ஓட்டம்’ என்று ஆசைப்படாதீர்கள். வெளியே, மண்ணுக்கு மேல் வைத்து, மோட்டார் சைக்கிள் ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கொழுவி, பல்ப் முழுவதும் அணைந்து வோல்ட் பூச்சியம் ஆகும்வரை விடுங்கள். பிறகு முனைகளுக்கு டேப் ஒட்டி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும் என்பது பழைய பேச்சு. உப்பு முனைகளைத் தின்றுவிடும், உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும்.

கொழும்புக் குப்பை எங்கள் புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டுக்கு வருவதை எதிர்த்து 2018இல் வெயிலில் நின்ற மக்கள் நாங்கள். நம் கையிலிருக்கும் நஞ்சை நாமே களப்பில் எறிந்தால் அந்த வெயிலுக்கு அர்த்தமில்லை.

என் அலுமாரியில் இன்று நாலு பெட்டரிகள் தகர டப்பாவில் இருக்கின்றன. எல்லாம் 3.8 வோல்ட். மூடியில் கடைசியாக அளந்த திகதி எழுதியிருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் உங்கள் பெட்டரியையும் எடுத்து ஒரு தரம் அளந்து பாருங்கள். கடைசியாக எப்போது தொட்டீர்கள் என்று நினைவில்லை என்றால், இன்றைக்கே.