‘100 வரை’ என்றால் இருபதா?

கேள்வி: ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி, ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்ற ஃபைபர் பிராட்பேண்ட் எடுத்திருக்கிறோம். மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரில் வேகம் 20-ஐத் தாண்டுவதே இல்லை. மாதக் கடைசியில் அதுவும் படுத்துவிடுகிறது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கஸ்டமர் கேரில் கேட்டால், “வரைன்னுதானே மேடம் போட்டிருக்கு, உங்க கம்ப்யூட்டர் பழசு” என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போடலாம். ஆனால் இன்றைக்கே போட்டால் தோற்பீர்கள்.

சேவையில் குறைபாடு என்று நிரூபிக்கும் சுமை புகார்தாரரான உங்கள் தலையில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே, “இந்த 20-ஐ எங்கே வைத்து அளந்தீர்கள்?” என்பதாகத்தான் இருக்கும். “மாடியில், வைஃபையில்” என்று சொன்னால் கதை முடிந்தது. ‘எங்கள் பொறுப்பு கீழே சுவரில் மாட்டிய மோடத்தோடு சரி, கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வரும் சிக்னலுக்கு நாங்கள் என்ன செய்வது?’ என்பார்கள். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது.

ஒருவர் நாற்பது ஸ்க்ரீன்ஷாட்டை அச்சடித்துக் கட்டாக என்னிடம் கொண்டுவந்தார். எல்லாமே வைஃபையில் எடுத்தவை. கம்ப்யூட்டரை மோடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் லேன் கேபிளைச் செருகிப் பார்க்கச் சொன்னேன், 94 காட்டியது. குற்றவாளி, கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்த விரல்நுனி அளவு பழைய யுஎஸ்பி வைஃபை துண்டு. அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். அக்கம்பக்கத்து மோடம்கள் எல்லாம் அதே அலையில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மாடிவரை ஒரு நீளமான கேபிளை இழுத்துவிட்டார், வழக்கு அங்கேயே முடிந்தது. ஃபீஸ் கேட்க எனக்கே கூச்சமாகிவிட்டது.

நீங்களும் அதைச் செய்யுங்கள். கம்ப்யூட்டரைக் கீழே இறக்குங்கள், அல்லது யாரிடமாவது லேப்டாப் இரவல் வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேபிள் வழியாகக் காலை, மாலை, இரவு என்று ஒரு வாரம் அளந்து, தேதியும் நேரமும் தெரியும்படி சேமித்து வையுங்கள். அலகையும் கவனியுங்கள். கம்பெனி விற்பது மெகாபிட். ஃபைல் இறங்கும்போது பிரவுசர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே பிரவுசரில் நொடிக்கு 12 காட்டினால் உங்களுக்கு வருவது 96, கிட்டத்தட்ட முழு வேகம்.

கேபிளிலும் 20-தான் என்றால் உங்கள் கை ஓங்கும். 2023 ஜனவரி முதல் 2 எம்பிபிஎஸ் இருந்தாலே அரசின் வரையறைப்படி அது பிராட்பேண்ட்; ‘நாங்கள் பத்து மடங்கு தருகிறோமே’ என்று கம்பெனி சொல்லக்கூடும். மயங்க வேண்டாம். அது பிராட்பேண்ட் என்று பெயர் வைப்பதற்கான அளவு. உங்களுக்குச் சொல்லி விற்றது 100. என்றைக்கோ ஒருநாள் குறைந்தால் ‘வரை’ என்ற சொல் அவர்களைக் காப்பாற்றும். நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்குதான் என்றால் அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்பதே என் கருத்து.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘மாதக் கடைசியில்’ என்ற சொல். திட்டத்தின் டேட்டா வரம்பு தீர்ந்து வேகத்தைக் குறைக்கிறார்களோ என்று சந்தேகம். வரம்பு எவ்வளவு, அதற்குப் பின் என்ன வேகம் என்பதைக் கம்பெனி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உபயோகம் 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போதெல்லாம் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. எஸ்எம்எஸ், மின்னஞ்சல் எல்லாவற்றையும் துழாவுங்கள். வரம்பு தாண்டியும் அப்படி ஒன்றும் வரவில்லையென்றால், வேகக் கணக்கைவிட இது பலமான ஆயுதம். வேண்டுமென்றே தகவலை மறைப்பதும் அதே சட்டத்தில் குறைபாடுதான்.

அடுத்து, கஸ்டமர் கேரில் மறுபடி புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து வையுங்கள். பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

அதற்கும் மசியவில்லையென்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை (என் சக வக்கீல்கள் மன்னிக்க). காலக்கெடு இரண்டு ஆண்டு. தொலைத்தொடர்புத் தகராறு இங்கே வராது என்று யாராவது பழைய தீர்ப்பை நீட்டினால், வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். டியூஷன் எடுப்பதால் நீங்கள் ‘வணிக நோக்கத்துக்கு’ வாங்கியவர் என்று சொல்லியும் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவரை அந்த வார்த்தை தொடாது.

மனுவோடு ஸ்க்ரீன்ஷாட்களுக்குப் பாரதிய சாட்சிய சட்டம் 63(4) பிரிவின்படியான சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். நஷ்டஈடாக லட்சங்களைக் கேட்காமல், கிடைக்காத வேகத்துக்கான பணம், நின்றுபோன வகுப்புகளின் கணக்கு, செலவுத்தொகை என்று கேளுங்கள்.

கோபத்தில் இணைப்பை மட்டும் இப்போதைக்குத் துண்டித்துவிடாதீர்கள். அளந்து காட்ட அந்த ஒயர் வேண்டும்.